கூடவே கீறேன்

"இன்னா பொண்ணு, நீ கைய எடுத்தா செவுரு வுயுந்துடுமா?"

ஆயம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. நான் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவர் அது. அதில் இரண்டு கையையும் ஊன்றி, எக்கி நின்று, மூன்றாம் வகுப்பு ஜன்னலைப் பார்ப்பதுதான் அப்போது என் முழுநேர வேலை. காலை மணி அடிக்கும்போது வந்து நிற்பேன். சாயங்கால மணி அடித்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். வீட்டில் தையல் மிஷின் மேல் ஊரார் துணி மலையாகக் கிடக்கும். டீச்சர் இரண்டு தடவை நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தார், மூன்றாவது தடவை கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

என் மகளுக்கு வலிப்பு. நாலு வயதில் காய்ச்சலோடு வந்தது, பிறகு காய்ச்சல் இல்லாமலும் வந்தது. எப்போது வரும் என்று தெரியாது என்பதுதான் அந்த நோயின் பெரிய கொடுமை. அவளுக்கு எப்போதாவது ஒரு நாள் ஐந்து நிமிடம் வரும். எனக்கு நாள் முழுக்க. குளிக்கப் போனால் வாளியில் விழுந்துவிடுவாளோ, படிக்கட்டில் ஏறினால் உருண்டுவிடுவாளோ, சோறு வாயில் இருக்கும்போது வந்துவிடுமோ. காஞ்சிபுரத்து டாக்டர் அவளுக்கு மாத்திரை எழுதிவிட்டு, "நீங்க தைரியமா இருக்கணும்" என்றார். அதற்கு மட்டும் மாத்திரை எழுதவில்லை. என் வீட்டுக்காரர் வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வேலைக்குப் போகிறவர். அவருக்குப் பொழுதுக்கும் போன் போட்டு அவரையும் பேஜார் பண்ணிக்கொண்டிருந்தேன்.

"உள்ள வா. வெயில்ல நின்னு செவுர தேய்க்கிறதுக்கு பதிலா வெங்காயம் உரி," என்றது ஆயம்மா.

'என்றது' என்று எழுதுவதை மரியாதைக் குறைவாக நினைக்கவேண்டாம். எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் வயதான பெண்களை 'அது வந்துச்சு, அது சொல்லுச்சு' என்றுதான் சொல்வோம், பெற்ற தாயையும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போடுகிறவருக்கு ஆயம்மா என்று பேர். அதற்கென்று சொந்தப் பேர் ஒன்று பதிவேட்டில் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

ஆள் குள்ளம். பொட்டு கிடையாது, கம்மல் கிடையாது, காது ஓட்டையில் ஒரு துண்டு ஈர்க்குச்சி. அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் நகை போடக்கூடாதாம். காலனியில் தகரக் கூரை போட்ட அந்தச் சபைக்குப் பின்னால்தான் அதன் வீடு. நான் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது தெரிந்ததும் என் மாமியார், "அந்தத் தெருக்காரிகூட உனக்கு இன்னா பேச்சு?" என்று ஆரம்பித்தார். பயத்துக்குத் தெரு கிடையாது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? மந்திரித்த கயிறு, கோயில் விபூதி, தர்காத் தண்ணீர் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு நான் வந்து நின்ற சுவர் அது.

ஆயம்மாவுக்குக் கவலைப்படத் தெரியாது. அல்லது அப்படித்தான் நான் நம்பினேன். பதினோரு மணி ஆகியும் முட்டை வண்டி வரவில்லை, சத்துணவு அமைப்பாளர் அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து மாளவில்லை என்றால், ஆயம்மா ஒரே வார்த்தை சொல்லும். "குடுத்தாச்சு." ஒரு நாள் சாம்பார் கொதிக்கிற நேரத்தில் சிலிண்டர் தீர்ந்துபோனது. "குடுத்தாச்சு, போ," என்றது. சொல்லிக்கொண்டே பின்பக்கம் போய், வேலிகாத்தான் விறகு ஒரு கட்டைத் தூக்கி வந்து கல் அடுப்பை மூட்டியது. நான் அந்த வார்த்தையைத்தான் கவனித்தேன். விறகைக் கவனிக்கவில்லை. அந்தக் கவனக்குறைவுக்கு நான் பட்டது கொஞ்சம் இல்லை.

"இன்னாத்த ஆயம்மா குடுத்தாச்சு?"

"கவலய. ஆண்டவருகிட்ட ஒப்புக்குடுத்தாச்சு. நீயும் உன் பொண்ண ஒப்புக்குடுத்துட்டு ஒயுங்கா மிஷின மிதி."

எனக்குத் தெரிந்த ஒப்பு எல்லாம் ஒப்புக்குச் சப்பாணிதான். "ஒப்புக்குக் குடுத்தா போதுமா?" என்று கேட்டேன். ஆயம்மா அரிசி களைந்த கையோடு என் தலையில் தட்டியது. "ஒப்புக்கு இல்லடி. ஒப்புக்குடுக்கறது. உலையில அரிசிய போட்டப்புறம் அத எடுத்து எடுத்து எண்ணிக்கினா இருப்ப? நேரம் வந்தா ஒரு பருக்கய நசுக்கிப் பாரு. போதும்."

அடுப்படி அலமாரியில் ரொட்டித்துண்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதற்குள் பட்டை பட்டையாகச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பைபிள் வசனம். வாக்குத்தத்தப் பெட்டி என்பார்கள். காலையில் அடுப்பு மூட்டும் முன்னால் கண்ணை மூடி ஒரு அட்டை எடுக்கும். அன்றைக்கு ஆண்டவர் சொல்கிற வார்த்தை அதுதான். சங்கடம் என்னவென்றால் ஆயம்மாவுக்குப் படிக்க வராது. யாராவது டீச்சர் படிக்கவேண்டும், அவர்களுக்கு நேரம் இருக்காது, சில நாள் மத்தியானம் வரை அட்டை அதன் ரவிக்கைக்குள்ளேயே கிடக்கும். நான் வந்த பிறகு அந்த வேலை எனக்கு வந்தது.

அந்த அட்டைத் தமிழ் எங்கள் வீட்டில் யாரும் பேசாத தமிழ். எல்லாம் 'பண்ணுவேன்', 'இருக்கிறேன்', 'ஆதலால்' என்று முறுக்கிக்கொண்டு நிற்கும். முதல் வாரம் எனக்கு நாக்கு புரளவில்லை. ஆயம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்கும், நான் தப்பாகப் படித்தால் கண்ணைத் திறக்காமலே, "இன்னொரு தபா," என்னும். அந்த இரண்டு நிமிடம் நான் ஜன்னலைப் பார்ப்பதில்லை என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். பிறகு அது ஐந்து நிமிடமானது. பிறகு வெங்காயம் உரித்து முடிக்கும்வரை. ஆறு மாதத்தில் நான் வீட்டுக்குப் போய் இரண்டு ரவிக்கை தைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறவளாக ஆகியிருந்தேன். மதம் மாறினாயா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: இல்லை. மூச்சு விட்டேன், அவ்வளவுதான்.

ஆனால் ஆயம்மாவிடம் ஒரு போன் இருந்தது. பட்டன் போன், பால் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருக்கும். அது மணி அடித்தால் போதும், கொதிக்கிற உலையை விட்டுவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடும். "அலோ, அலோ," என்று கத்தும். அந்தப் பக்கம் பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்கும் ஒரு பெண்ணாக இருக்கும். போனைக் கவரில் திரும்பச் சுற்றிவிட்டு வந்து கரண்டியை எடுக்கும்.

டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆயம்மாவுக்கு ஒரே மகன், கல்குவாரி லாரி ஓட்டியவன். குடித்துவிட்டு வந்த ஒரு நாள் ஆயம்மா அவனைத் துடைப்பத்தால் அடித்து, "இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத," என்று சொல்லிவிட்டது. வடக்கே எங்கேயோ லாரிக்குப் போனவன் நாலைந்து மாதம் போன் பண்ணினான். அப்புறம் நின்றுவிட்டது. அவன் நம்பருக்குப் போட்டால் அப்படி ஒரு நம்பரே இல்லை என்கிறதாம். வருஷங்கள் ஓடிவிட்டன.

"பையனையும் ஒப்புக்குடுத்துட்டியா ஆயம்மா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். என் வாய்க்கு அடக்கம் கிடையாது.

"குடுத்துட்டேன்," என்றது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நம்பரு மட்டும் மாத்தல," என்றது. மாசாமாசம் மறக்காமல் பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போய் ரீசார்ஜ் பண்ணிக்கொண்டு வரும்.

அடுத்த வருஷம், மகள் நாலாம் வகுப்பில் இருந்தபோது, ஏழு மாதம் தொடர்ந்து வலிப்பு வரவில்லை. ஏழு மாதம்! எனக்குப் புத்தி கோணிவிட்டது. அந்த மாத்திரை சாப்பிட்டால் அவள் மந்தமாகிவிடுவாள், வகுப்பில் தூங்குவாள், பிள்ளைகள் கேலி செய்வார்கள். இன்னொரு பக்கம் எனக்குள்ளே ஒரு கணக்கு. ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, தினம் இரண்டு வேளை மாத்திரையும் கொடுத்தால் அது என்ன ஒப்புக்கொடுத்தல்? ஆண்டவரை நம்பாமல் பின்னாலேயே ஆள் வைப்பது மாதிரி இல்லையா? ஆயம்மா கவலையை விட்டது, நான் மாத்திரையை விட்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. சபையிலும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்த பக்தி அது. ஒருவரிடமும் சொல்லாமல் நாலு நாள் மாத்திரை கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, பள்ளிக்கூடத்தில் தட்டு கழுவுகிற குழாயடியில் மகள் விழுந்தாள்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஆயம்மா அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குத் தன் முந்தானையைச் சுருட்டி வைத்திருந்தது. அவள் கையில் திணிக்கச் சாவிக்கொத்தோடு வந்த ஒருவரை, "தூரப் போ," என்று விரட்டியது. ஐந்து நிமிடம் ஆனது, நிற்கவில்லை. பத்து நிமிடம் ஆனது. டீச்சர் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் வந்தது. ஆயம்மாவும் என்னோடு ஏறிக்கொண்டது. வண்டியிலும் நிற்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. வண்டிக்காரர் உத்திரமேரூர் ரோட்டில் பறந்தார், அதில் வந்த தம்பி மகளின் மூக்கில் குழாய் வைத்துவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மணியைப் பார்த்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"மாத்திர குடுக்கல ஆயம்மா," என்றேன். "நாலு நாளா குடுக்கல. ஒப்புக்குடுத்துட்டேன்னு..."

ஆயம்மா என்னைப் பார்த்தது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அடிப் பாவி," என்றது, சத்தமே இல்லாமல். "ஒப்புக்குடுக்கறதுன்னா கைய வுடறதாடி? மாத்திர இன்னா பிசாசா குடுத்துச்சு? அதுவும் அவரு குடுத்தது தான். நான் வெறகு தூக்கலயா? நீ பாக்கல?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு கதறினேன். அப்போது ஆயம்மா ரவிக்கைக்குள் கையை விட்டு அன்றைய அட்டையை எடுத்தது. அன்று நான் தாமதமாக வந்ததால் யாரும் படிக்காத அட்டை. "அயுதது போதும். படி," என்று நீட்டியது.

அட்டை வேர்வையில் ஊறி, மை கலைந்து, ஊதா நிறத்தில் ஒரு கறையாகக் கிடந்தது. ஒரு எழுத்து தெரியவில்லை. ஆனால் ஆயம்மா கண்ணை மூடிக் காத்திருந்தது, ஒரு கை என் மகளின் முதுகில். தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பயப்படாதே... நான் கூடவே கீறேன்."

ஆயம்மா ஒரு கண்ணைத் திறந்தது. "ஆண்டவரு கீறேன்னு சொல்ல மாட்டாரே," என்றது. "இருக்கிறேன்னு தான சொல்லுவாரு."

மகள் கிடந்த கிடையில் எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. ஆயம்மா திரும்பக் கண்ணை மூடிக்கொண்டது. "சரி, அவசரம் பாரு. நம்மூரு பேச்சே பேசிட்டாரு போல. ஆமென்."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபிறகு நின்றது. மூன்று நாள் கழித்துத்தான் மகள் என்னை அடையாளம் கண்டு 'அம்மா' என்றாள். அந்த மூன்று நாளும் நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஆயம்மா ஒரு வார்த்தை குத்திச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் அந்த ரொட்டித்துண்டுப் பெட்டியைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் வைத்தது. திறந்து பார்த்தேன். அட்டைகளுக்கு நடுவே மகளின் மாத்திரைப் பட்டை. "இனிமே ரெண்டயும் ஒன்னா எடு. ஒன்ன வுட்டு ஒன்னு எடுக்காத," என்றது. அன்றிலிருந்து காலையில் நான் அட்டையும் மாத்திரையும் எடுத்து, மாத்திரையை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அட்டையை அடுப்படியில் போய்ப் படித்துவிட்டு வருவேன். என் மாமியார் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தார்.

போன மழைக்காலத்தில் ஆயம்மா படுத்தது. ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போய் வேண்டியதைக் கொடுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் தினம் மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் கத்திக் கத்தி அட்டை படிப்பேன். என் வேண்டுதல் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. என் பிள்ளைக்காக ஆயம்மா இவ்வளவு கெஞ்சியதே, அதற்கு இதுதானா கூலி என்று ஆண்டவர்மேல் எனக்கு ஆத்திரம். ஆயம்மாவிடமே சொன்னேன். "அவருகிட்டயே சண்ட போடு. என்கிட்ட இன்னாத்துக்கு?" என்றது.

ஒரு நாள் இடுப்பிலிருந்து போனை எடுத்து என் கையில் வைத்தது. கையில் பலம் இல்லை, பட்டனை அமுக்க வரவில்லை. "இத உன்கிட்ட ஒப்புக்குடுக்குறேன். மணி அடிச்சா எடு."

அதற்கப்புறம் நான் உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி அதுதான். "போன் வந்துச்சா?" இல்லை என்பேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும். மறுநாள் திரும்ப, "போன் வந்துச்சா?" ஒரு வாரம் பார்த்தேன். கவலையே தெரியாது என்று நான் நம்பிய மனுஷி, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் கையில் இறுக்கிக்கொண்டு கிடந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

எட்டாம் நாள் வாசலிலேயே சொன்னேன். "வந்துச்சு ஆயம்மா! உன் புள்ள பேசுச்சு!"

ஆயம்மா தலையைத் தூக்கியது. அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்? "இன்னா சொன்னான்?"

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "அம்மாகிட்ட சொல்லுங்க, நான் நல்லா இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம், சீக்கிரம் வருகிறேன்னு சொன்னான்."

மழை அடித்துக்கொண்டிருந்தது. ஆயம்மா மெல்லத் தலையைக் கீழே வைத்தது. இத்தனை வருஷம் அட்டை படித்துப் படித்து என் நாக்கு அந்தத் தமிழுக்குப் பழகிப்போயிருந்தது. பொய்யைத் திருத்தமாகச் சொல்லவேண்டும் என்று வேறு நினைத்துவிட்டேன்.

"என் புள்ள இருக்கிறேன்னு சொல்ல மாட்டான்டி," என்றது. "கீறேன்னு தான் சொல்லுவான்."

நான் அதன் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன். ஆயம்மா திட்டவில்லை. எலும்பாய்ப் போன கையால் என் தலையைத் தேடித் தட்டியது, அரிசி களைந்த கையால் அன்று தட்டியது போலவே. "உனுக்கு பொய் சொல்ல வரல. வுடு. அன்னிக்கு வண்டியில ஒன்னு படிச்சியே, நீயே கட்டின வசனம். அத படி."

அட்டை இல்லாமல் படித்தேன். "பயப்படாதே, நான் கூடவே கீறேன்."

"ஆமென்," என்றது ஆயம்மா. இரண்டாம் நாள் போய்விட்டது. சபைக்காரர்கள் பாடிக்கொண்டே தூக்கிப்போனார்கள். மண் போடும்போதும் நான் அந்தப் போனைக் கையில்தான் வைத்திருந்தேன், சத்தத்தைக் குறைக்காமல்.

இப்போது அது என் மிஷின் பக்கத்தில், சார்ஜில் கிடக்கிறது. மகள் எட்டாம் வகுப்பு போகிறாள், தனியாக சைக்கிளில். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் போன் அடித்தால் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறேன், ஆயம்மா ஓடியதுபோலவே. இதுவரை லோன் பெண்கள்தான்.

என் பயம் எல்லாம் அவன் கூப்பிடமாட்டான் என்பது மட்டும் இல்லை, கூப்பிட்டுவிடுவான் என்பதும்தான். கூப்பிட்டால் ஒன்றே ஒன்றுதான் கேட்பான். "அம்மா வூட்ல கீதா, இல்லயா?" அதற்கு என்ன சொல்வது? அந்தக் குடும்பத்தாரிடம் எனக்குப் பொய் சொல்ல வராது, நிஜத்தைச் சொல்லவும் வாய் வராது. தினம் காலையில் மாத்திரையோடு ஒரு அட்டை எடுத்துப் பார்க்கிறேன். அதில் எதிலும் இதற்குப் பதில் இல்லை.

ரீசார்ஜ் மட்டும் வுடாம பண்ணிக்கினு கீறேன்.